ஹெட்டைத் திறப்பதற்கு முன்னால்: பழைய பைக் வால்வுக் கோளாறுகள் - வாசகர் கேள்வி பதில்

பழைய மோட்டார் சைக்கிள்களின் வால்வுப் பகுதி பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது. டேப்பட் இடைவெளி கடைசியாக எவ்வளவு வைக்கப்பட்டது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று யாரும் எழுதவில்லை. கேம் சுழன்று டேப்பட்டைத் தூக்கும், டேப்பட் புஷ் ராட் என்ற கம்பியைத் தள்ளும், ராக்கர் என்ற நெம்பு ஹெட்டிலுள்ள வால்வை அமுக்கித் திறக்கும். வால்வு மூடியிருக்கும்போது இந்த வரிசையில் விடும் சிறு இடம்தான் டேப்பட் இடைவெளி. மூடிய வால்வு உட்காரும் இடம் சீட். இடைவெளி கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று தெரிந்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். கூடினால் கேம், டேப்பட், புஷ் ராட், ராக்கர் பக்கம் தேய்மானம். குறைந்தால் வால்வும் சீட்டும் சந்தேகத்துக்கு உரியவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பதில்களைப் படியுங்கள். வண்டிக்கென்று ஒரு நோட்டு வைத்து, ஒவ்வொரு முறையும் தேதி, கிலோமீட்டர், திறந்தபோது இருந்த இடைவெளி, மூடும்போது வைத்த இடைவெளி ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

கேள்வி: என்னுடையது புஷ் ராட் வைத்த ஒற்றை சிலிண்டர் வண்டி. ஹெட்டில் 'டிக் டிக்' சத்தம். இடைவெளியைச் சரிசெய்தால் அடங்குகிறது. 400, 500 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப வந்துவிடுகிறது. கேம் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். எஞ்சினைப் பிரிக்காமல் உறுதி செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் முதலில் அது வால்வுச் சத்தம்தானா என்று பாருங்கள். எக்ஸாஸ்ட் பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் காற்று கசிந்தால் அச்சு அசலாக டேப்பட் போலவே அடிக்கும். அந்த இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, தடித்த துணியைச் சுருட்டி சைலன்சர் வாயில் ஓரிரு நொடி மட்டும் வைத்து அழுத்தினால், கசிவு இருக்கும் இடத்தில் சத்தம் பெரிதாகும். வால்வுச் சத்தம் என்றால் அதில் மாற்றம் இருக்காது. ஸ்பார்க் பிளக் சரியாக இறுகாவிட்டாலும் இதே சத்தம் வரும்.

அடுத்து தாளம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு வால்வு ஒரு முறை திறக்கும். 1000 ஆர்.பி.எம். ஐடிலிங்கில் ஒரு வால்வு நிமிடத்துக்கு 500 முறை திறக்கிறது. நொடிக்கு எட்டு முறைக்குச் சற்று மேல். பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் இடம்) அடிப்பது இதைவிடக் கனமாகவும், எஞ்சின் வேகத்தோடு ஒட்டியும் இருக்கும்; எஞ்சினுக்குச் சுமை ஏறும்போது கூடும். பிஸ்டன் தட்டுவது குளிர்ந்த எஞ்சினில் அதிகமாகக் கேட்டு, சூடேறியதும் குறையும். அலுமினிய சிலிண்டரும் இரும்பு புஷ் ராடும் உள்ள எஞ்சினில் டேப்பட் சத்தம் இதற்கு நேர் எதிர். சூடேற ஏற இடைவெளி விரிந்து சத்தம் கூடும். மரப்பிடி வைத்த நீள ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதருகே வைத்து, முனையை ராக்கர் பெட்டி, டேப்பட் மூடி, டைமிங் மூடி என்று ஒவ்வோர் இடமாக வைத்துக் கேளுங்கள். மேலே சத்தம் குறைவாகவும் கீழே டேப்பட் பக்கம் கூர்மையாகவும் கேட்டால் மெக்கானிக் சொல்வதில் உண்மை இருக்கலாம்.

இனி ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளிக்குள் செருகி அளக்கும் மெல்லிய தகடு. பழைய வண்டிகளில் இது பலரை ஏமாற்றும். ராக்கர் முனையோ, இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் திருகின் முனையோ வால்வு தண்டு பட்டுப் பட்டுக் குழிந்திருக்கும். ஃபீலர் தகடு அந்தக் குழிக்குள் இறங்காது. மேலே பாலம் போல நிற்கும். நீங்கள் 0.10 மி.மீ. என்று படிப்பது உண்மையில் 0.20 ஆக இருக்கலாம். இந்த இடத்தில் ஃபீலரை நம்பாமல் திருகின் மரையை நம்புங்கள். அட்ஜஸ்டர் வால்வுப் பக்கம் இருந்து, அதன் மரை இடைவெளி 0.75 மி.மீ. என்றால், ஒரு முழுச் சுற்றுக்கு 0.75 மி.மீ. நகரும், அரைக்கால் சுற்றுக்கு ஏறத்தாழ 0.09 மி.மீ. லாக் நட்டைத் தளர்த்தி, ஆட்டம் சரியாக அற்றுப்போகும் வரை திருகை உள்ளே விடுங்கள். அங்கிருந்து தேவையான அளவு வெளியே எடுத்து லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கிய பிறகு ராக்கரைக் கையால் அசைத்து மறுபடி பாருங்கள். நட்டை இறுக்கும்போதே திருகு சற்று நகர்ந்துவிடும். சிலருக்கு ஒவ்வொரு முறையும் இடைவெளி 'மாறுவதற்கு' காரணம் இது மட்டும்தான். குழி விழுந்த திருகை மாற்றிவிடுங்கள். விலை குறைந்த பொருள், வால்வு தண்டின் முனையைக் காப்பாற்றும்.

இத்தனைக்குப் பிறகும் இடைவெளி விரிந்துகொண்டே போனால் வால்வு எவ்வளவு உயர்ந்து இறங்குகிறது என்று அளக்க வேண்டும். ராக்கர் மூடியைக் கழற்றி, டயல் கேஜின் முள்ளை வால்வு ஸ்பிரிங் மேலுள்ள தட்டில், வால்வு தண்டுக்கு இணையாக நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் பின்சக்கரத்தை மெல்லச் சுற்றி, முழு உயரத்தைக் குறியுங்கள். ஒரு முறை எடுத்த அளவை நம்ப வேண்டாம். மூன்று முறை ஒரே எண் வரட்டும். கையேட்டிலுள்ள உயரத்தோடு ஒப்பிடும்போது அது டேப்பட் இடைவெளியைக் கழித்த அளவா, கழிக்காத அளவா என்று கவனியுங்கள். இரட்டை சிலிண்டர் என்றால் பக்கத்து சிலிண்டரே அளவுகோல். அரை மில்லிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் கேம் மூக்கு தேய்ந்துவிட்டது.

கேமும் டேப்பட் அடிப்பாகமும் மேற்பரப்பில் மட்டும் கடினப்படுத்தப்பட்டவை. அந்த அடுக்கு ஓர் இடத்தில் உடைந்தால் அடியிலுள்ள மெத்தென்ற இரும்பு வேகமாகக் கரையும். அதனால்தான் ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருந்த இடைவெளி திடீரென்று 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாறத் தொடங்குகிறது. ஆயிலை வடித்து, ஒரு காந்தத்தைத் துழாவிப் பாருங்கள். நுண்ணிய சாம்பல் பசை பழைய எஞ்சினில் சாதாரணம். பளபளக்கும் செதில்கள் ஒட்டினால் எஞ்சினை மேலும் ஓட்ட வேண்டாம். அந்தத் தூள் ஆயில் பம்புக்கும் பிக் எண்டுக்கும் போய்க்கொண்டிருக்கிறது.

மாற்றும்போது கேமையும் டேப்பட்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய டேப்பட்டின் மேல் புதுக் கேமைப் போட்டால் புதியதும் சீக்கிரம் போகும். பொருத்தும்போது மாலிப்டினம் கலந்த அசெம்பிளி பசையைக் கேம் மூக்கிலும் டேப்பட் அடியிலும் தாராளமாகத் தடவுங்கள். முதல் ஸ்டார்ட்டில் ஐடிலிங்கில் விட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். மெதுவான ஓட்டத்தில்தான் கேமுக்கும் டேப்பட்டுக்கும் நடுவே ஆயில் படலம் மிக மெல்லியது. 2000 ஆர்.பி.எம். சுமாரில் ஏற்றி இறக்கி வையுங்கள். காற்றால் குளிரும் எஞ்சின் என்பதால் எதிரே பெரிய மின்விசிறி வைக்க வேண்டும், இல்லையென்றால் சில நிமிடங்களில் சாலைக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

கேள்வி: இரட்டை சிலிண்டர் வண்டி. இடது எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. சத்தமே இல்லை. அப்படியே விடலாமா?

பதில்: விடக்கூடாது. சத்தம் இல்லாததுதான் இங்கே ஆபத்து. தளர்ந்த வால்வு சத்தம் போட்டு எச்சரிக்கும். இறுகிய வால்வு மௌனமாக எரிந்துபோகும். எக்ஸாஸ்ட் வால்வின் தலை வாங்கும் சூட்டில் சுமார் முக்கால் பங்கு, அது மூடியிருக்கும் நேரத்தில் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. இடைவெளி அற்றுப்போனால் வால்வு முழுதாக உட்காராது. சூடு வெளியேற வழியில்லை. ஓரத்தில் நெருப்புக் கசிந்து அரிக்கும். குளிர்ந்த வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, ஓட்டி நிறுத்தினால் பத்து நிமிடத்துக்குக் கிக்கரில் பலமே இல்லை, சைலன்சரில் வெடிக்கிறது என்றால் இந்த நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள்.

காரணங்களில் நல்லதிலிருந்து தொடங்குவோம். அண்மையில் ஹெட் கழற்றிப் பூட்டப்பட்டதா? புது ஹெட் கேஸ்கட் அமுங்கும்போது ஹெட் கீழே இறங்கும். புஷ் ராட் எஞ்சினில் அப்படி இறங்கினால் இடைவெளி குறையும். முதல் 300 முதல் 500 கிலோமீட்டரில் ஹெட் போல்ட்டுகளைக் கையேட்டின் வரிசைப்படி மறுபடி டார்க் செய்து (குறித்த அளவுக்கு முறுக்கி), அதன் பிறகு இடைவெளியை வையுங்கள். வரிசை மாறக்கூடாது: முதலில் போல்ட், பிறகு டேப்பட்.

வண்டியில் டி-கம்ப்ரஷர் லீவர் (ஸ்டார்ட் செய்ய எளிதாக எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே திறக்கும் லீவர்) இருந்தால் அதன் கேபிளைப் பாருங்கள். உறையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு இல்லாவிட்டால், கேபிளே எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். இதைக் கவனிக்காமல் வால்வை மாற்றி, மாற்றிய வால்வையும் எரித்தவர்கள் உண்டு.

இவை இரண்டும் இல்லையென்றால் ஒன்று சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்குகிறது, இல்லையேல் வால்வே நீளுகிறது. முழு இரும்பு ஹெட்டில் சீட்டை ஹெட்டிலேயே கடைந்திருப்பார்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில், அதன் படிவு வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவே பூச்சுப் போல இருந்து காத்தது. ஈயமில்லாத பெட்ரோலில், நீண்ட நேரம் வேகமாகவும் சுமையோடும் ஓட்டினால் அந்த மெத்தென்ற சீட் தேயும். நிதானமாக ஓட்டுபவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் ஒன்றும் ஆகாமலும் இருக்கிறது. அலுமினிய ஹெட்டில் தனியாகச் சீட் வளையம் பதித்திருப்பார்கள். அதில் இந்தத் தொல்லை குறைவு.

வால்வு நீளுவது இதைவிட மோசம். தண்டு தலையோடு சேரும் இடத்தில் மெலிந்து இழுபட்டு, ஒரு நாள் தலை தனியாக பிஸ்டன் மேல் விழும். கழற்றிய வால்வின் நீளத்தைப் புதியதோடு ஒப்பிடுங்கள். தண்டை மைக்ரோமீட்டரால் தலைக்குச் சற்று மேலே அளந்து, கைடுக்குள் (தண்டு ஏறி இறங்கும் குழலுக்குள்) ஓடாத பகுதியின் அளவோடு வைத்துப் பாருங்கள். தலையின் முகத்தில் இரும்பு ஸ்கேலை வைத்தால் குழிந்திருப்பதும் தெரியும். சந்தேகம் வந்த எக்ஸாஸ்ட் வால்வைத் திரும்பப் போடாதீர்கள். முந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை இடைவெளியைத் தளர்த்தித் தளர்த்தி ஓட்டுவது கோளாறை மறைப்பதாகும். இரண்டாம் முறை குறைந்ததுமே ஹெட்டைக் கழற்றுங்கள்.

கேள்வி: டேப்பட் இடைவெளி 0.10 மி.மீ. என்கிறார் ஒருவர், இன்னொருவர் பூஜ்யம் என்கிறார், வேறொருவர் 0.20 என்கிறார். எது சரி?

பதில்: மூவரும் வேறு வேறு வண்டியைப் பற்றிப் பேசுகிறார்கள். 650 சி.சி. ட்ரையம்ஃப் போனவில் டி120-க்கு இன்லெட் 0.002 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.004 அங்குலம், அதாவது 0.05, 0.10 மி.மீ. நார்ட்டன் கமாண்டோவுக்கு 0.006, 0.008 அங்குலம், 0.15, 0.20 மி.மீ. பழைய ஹோண்டா சி.பி.750 ஒற்றை ஓவர்ஹெட் கேம் எஞ்சினுக்கு 0.05, 0.08 மி.மீ. இரும்பு சிலிண்டர் கொண்ட ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் அட்ஜஸ்டர் புஷ் ராடின் அடியில் இருக்கிறது. அங்கே ஃபீலருக்கு வேலையில்லை. ராடை விரலால் தடையின்றிச் சுழற்ற முடிய வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக்கூடாது. எல்லாமே எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த நிலையில். இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் பார்ப்பது நல்லது.

எண்கள் இவ்வளவு வேறுபடக் காரணம் உலோகம். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 250 மி.மீ. நீள ராட் 100 டிகிரி சூடேறினால் அலுமினியம் என்றால் 0.57 மி.மீ. நீளும், இரும்பு என்றால் சுமார் 0.3. ஆகவே ராடை வேறு உலோகத்தில் மாற்றினால் கையேட்டின் எண் செல்லாது. ராடைச் செய்தவர் சொல்லும் இடைவெளியைக் கேட்டு வாங்குங்கள்.

எந்த நிலையில் அளக்கிறோம் என்பதும் முக்கியம். பிஸ்டன் மேலே இருப்பது நாலு ஸ்ட்ரோக்கில் இரண்டு முறை. எக்ஸாஸ்ட் முடிந்து இன்லெட் தொடங்கும் மேல்நிலையில் இரண்டு வால்வும் சற்றே திறந்திருக்கும். அங்கே வைத்து அளந்தால் இடைவெளியே இல்லாதது போலத் தோன்றும். அதைக் கண்டு தளர்த்திவிட்டால் வண்டி தையல் இயந்திரம் போலச் சத்தம் போடும். இன்லெட் வால்வு திறந்து மூடியதைக் கண்ணால் பார்த்த பிறகு பிஸ்டனை மேலே கொண்டுவாருங்கள். அதுதான் கம்ப்ரஷன் மேல்நிலை. ட்ரையம்ஃப் போல இரு பிஸ்டனும் சேர்ந்து ஏறி இறங்கும் இரட்டை சிலிண்டர் எஞ்சின்களில் இன்னும் எளிய வழி உண்டு. ஒரு சிலிண்டரின் இன்லெட் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது மற்ற சிலிண்டரின் இன்லெட்டைச் சரிசெய்யுங்கள். எக்ஸாஸ்ட்டுக்கும் அப்படியே.

கேள்வி: பல ஆண்டுகள் நிறுத்தி வைத்திருந்த வண்டி. கிக்கரை நாலு முறை அடித்ததும் 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் போய்விட்டது. மூடியைத் திறந்தால் ஒரு புஷ் ராட் வளைந்திருக்கிறது. புது ராட் போட்டால் போதுமா?

பதில்: போதாது. புது ராடும் வளையும். ராட் தானாக வளைவதில்லை. வால்வு கைடுக்குள் பிடித்துக்கொண்டதால் ராடுக்குப் போக இடமில்லாமல் போயிருக்கிறது. பழைய பெட்ரோல் வற்றி வார்னிஷ் போல இன்லெட் வால்வுத் தண்டில் ஒட்டியிருக்கும். எக்ஸாஸ்ட் பக்கம் என்றால் பெரும்பாலும் துருவும் கரியும். வால்வு திறந்தபடியே நின்றிருந்தால் பிஸ்டன் அதை முட்டியிருக்கவும் கூடும். அந்த 'டக்' சத்தம் அதுவாகவே இருக்கலாம். அப்படியானால் வால்வுத் தண்டும் வளைந்திருக்கும். அந்தப் பக்கத்து ஹெட்டைக் கழற்றிப் பார்க்காமல் மறுபடி கிக்கரைத் தொட வேண்டாம்.

வளைந்த ராடை நிமிர்த்திப் போடாதீர்கள். மற்ற ராடுகளையும் கழற்றிக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பாருங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்து மறைந்தால் அதுவும் வளைந்ததுதான். அலுமினிய ராடுகளில் இரு முனையிலும் இரும்புத் தொப்பி அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். அதை விரலால் திருகிப் பாருங்கள். சுழன்றால் ராட் உதவாது. இந்தத் தளர்ந்த தொப்பியால் வரும் சத்தத்தை எந்த டேப்பட் அட்ஜஸ்மென்ட்டும் தீர்க்காது. ராடுகளைக் கழற்றும்போது எது எங்கே, எந்த முனை மேலே என்று குறித்து வையுங்கள்.

நீண்ட நாள் நின்ற எந்த வண்டிக்கும் கிக்கரைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது: பிளக்குகளையும் ராக்கர் மூடிகளையும் கழற்றுங்கள். கார்புரேட்டரைக் கழற்றி, இன்லெட் துளை வழியே வால்வுத் தண்டில் கார்புரேட்டர் கிளீனரை அடியுங்கள். ஸ்பிரிங் பக்கமிருந்து தண்டின் மேல் ஊடுருவும் ஆயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். பிளக் துளை வழியே ஊற்றும் ஆயில் பிஸ்டன் ரிங்குகளுக்கு உதவுமே தவிர கைடுக்குள் போகாது. மறுநாள் டாப் கியரில் பின்சக்கரத்தைக் கையால் மிக மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு வால்வும் இறங்குவதையும் முழுதாகத் திரும்ப ஏறுவதையும் கண்ணால் பாருங்கள். ஏதாவது ஒன்று தயங்கினாலோ, ராக்கரில் திடீரென்று பெரிய ஆட்டம் தெரிந்தாலோ உடனே நிறுத்துங்கள்.

கேள்வி: கம்ப்ரஷன் குறைவு. ரிங்கா வால்வா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: எஞ்சினைச் சூடாக்கி, பிளக்கின் இடத்தில் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, முள் மேலே ஏறாமல் நிற்கும் வரை கிக் செய்யுங்கள். ஆக்சிலேட்டரை மூடி வைத்து எடுத்த அளவுக்கு மதிப்பில்லை. பிறகு பிளக் துளையில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. ஆயில் விட்டு, இரண்டு மூன்று முறை சுற்றவிட்டு மறுபடி பாருங்கள். கணிசமாக ஏறினால் ரிங். அசையவே இல்லையென்றால் வால்வு. சிலிண்டர் படுத்திருக்கும் எஞ்சினில் ஆயில் ஒரு பக்கமாகவே தேங்கும் என்பதால் அங்கே இந்தச் சோதனையை நம்ப முடியாது.

காற்றுக் கம்ப்ரஸர் கிடைத்தால் இதைவிடத் தெளிவான பதில் கிடைக்கும். கம்ப்ரஷன் மேல்நிலையில் வைத்து, டாப் கியர் போட்டு, பின் பிரேக்கை ஒருவர் அழுத்திப் பிடிக்க, பிளக் துளை வழியே காற்றை மெல்ல ஏற்றுங்கள். கிக்கருக்கு நேரே காலை வைக்காதீர்கள். காற்று பிஸ்டனைத் தள்ளினால் எஞ்சின் சட்டென்று சுழலும். இப்போது காதை வையுங்கள். கார்புரேட்டரில் சீறினால் இன்லெட், சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட், எஞ்சின் பிரீதர் குழாயில் சீறினால் ரிங். வெகுநாள் நின்ற வண்டியில் சிறு கரித்துண்டு சீட்டில் மாட்டியிருக்கலாம். சீறும் வால்வின் தண்டு முனையை மரச் சுத்தியால் ஓரிரு முறை மெல்லத் தட்டிப் பாருங்கள். சீறல் நின்றால் ஹெட்டைக் கழற்றும் வேலை மிச்சம்.

கேள்வி: வேகம் கூட்டினால் மிஸ்ஸிங், ஐடிலிங்கில் ஒன்றும் இல்லை. பிளக், காயில், கார்புரேட்டர் எல்லாம் மாற்றியாயிற்று. வால்வு ஸ்பிரிங்காக இருக்குமா? ஹெட்டைக் கழற்றாமல் மாற்ற முடியுமா?

பதில்: இருக்கலாம். உள்ளும் வெளியுமாக இரட்டை ஸ்பிரிங் உள்ள எஞ்சினில் ஒன்று உடைந்தாலும் மற்றது தாங்கிப் பிடித்து மெதுவான ஓட்டத்தைக் காப்பாற்றும். வேகம் கூடும்போது வால்வு கேமைப் பின்தொடர முடியாமல் மிதக்கும். ராக்கர் மூடியைக் கழற்றி, டார்ச் வெளிச்சத்தில் சுருள்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நிறுத்தி வைத்த வண்டியில் ஸ்பிரிங் மேல் துருப் புள்ளிகள் தெரிந்தால், உடையாவிட்டாலும் மாற்றுங்கள். முறிவு அந்தப் புள்ளியிலிருந்துதான் தொடங்கும்.

ராக்கர் பெட்டி தனியாகக் கழன்று வரும் எஞ்சின்களில் ஹெட்டை இறக்காமலே மாற்றலாம். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனைப் பாதி வழியில் நிறுத்துங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும். 6 முதல் 8 மி.மீ. தடிமனுள்ள, பிசிறு இல்லாத நைலான் கயிற்றை ஒரு மீட்டர் அளவுக்குப் பிளக் துளை வழியே திணியுங்கள். கயிற்றின் நுனி வெளியே நீண்டு தொங்க வேண்டும். பின்சக்கரத்தைச் சுற்றிப் பிஸ்டனை மேலே ஏற்றினால் கயிறு அமுங்கி வால்வுகளைக் கீழிருந்து தாங்கும். புஷ் ராட் துளைகளையும் ஆயில் வடியும் துளைகளையும் துணியால் அடையுங்கள். வால்வு லாக்கின் (ஸ்பிரிங் தட்டைத் தண்டோடு பிடித்திருக்கும் பூட்டின்) அரைத்துண்டு ஒன்று கீழே விழுந்தால் முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டிவரும். ஸ்பிரிங் தட்டின் மேல் பாக்ஸ் ஸ்பேனரை வைத்து லேசாக ஒரு தட்டு தட்டிய பிறகு ஸ்பிரிங் கம்ப்ரஸர் கருவியால் அமுக்கினால் லாக் எளிதில் விடுபடும்.

பழைய ஸ்பிரிங்கைக் கண்ணாடி மேல் நிறுத்தி உயரம் பாருங்கள். புதியதைவிட 1.5 மி.மீ.க்கு மேல் குறுகியிருந்தால் திரும்பப் போட வேண்டாம். சுருள்கள் ஒரு முனையில் நெருக்கமாக இருந்தால் அந்த நெருக்கமான முனை ஹெட்டின் பக்கம். பலம் கூட்ட வேண்டும் என்று அடியில் வாஷர் சேர்ப்பவர்கள், வால்வு முழுதாகத் திறந்த நிலையில் சுருள்களுக்கு நடுவே மொத்தமாகக் குறைந்தது 1 மி.மீ. மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சுருள்கள் ஒன்றையொன்று முட்டினால் அடுத்து வளைவது புஷ் ராட், தேய்வது கேம்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை. கைடு மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: உங்கள் வண்டி ஆயில் டாங்க் தனியாக உள்ள டிரை சம்ப் வகையா? அப்படியானால் அவசரப்படாதீர்கள். நிற்கும்போது டாங்க்கிலிருந்து ஆயில் பம்ப் வழியே கசிந்து கிராங்க் பெட்டியில் தேங்கியிருக்கலாம். அது ஸ்டார்ட் ஆனதும் ரிங்குகளைத் தாண்டி எரிந்து, சில நிமிடங்களில் டாங்க்குக்குத் திரும்பிவிடும். அது பம்ப்பின் கோளாறு; கைடுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கைடு தேய்ந்திருந்தால், இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடி இறங்கிவிட்டு மறுபடி திறக்கும் அந்த நொடியில் ஒரு குப்பென்ற புகை வரும். மூடிய கார்புரேட்டரால் இன்லெட் பக்கம் ஏற்படும் உறிஞ்சல் கைடு வழியே ஆயிலை இழுக்கிறது. ஏற்றத்தில், இழுவையில் புகை என்றால் ரிங்.

ஹெட் கழன்ற பிறகு வால்வைச் சீட்டிலிருந்து 10 மி.மீ. உயர்த்திப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். புதுக் கைடில் இன்லெட்டுக்குச் சுமார் 0.03 முதல் 0.05 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு 0.05 முதல் 0.08 மி.மீ. வரை இடம் விடுவது வழக்கம். இறுதி அளவு உங்கள் கையேட்டில் இருக்கும். கைடை மாற்றினால் சீட்டையும் கண்டிப்பாக மறுபடி வெட்ட வேண்டும். புதுக் கைடின் மையம் பழையதோடு இம்மி பிசகாமல் பொருந்தாது. பட்டறையில் 'லேப்பிங் செய்தால் போதும்' என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பேஸ்ட்டால் மணிக்கணக்கில் தேய்த்தால் வால்வு முகத்தில் பள்ளம்தான் விழும். முடிந்த பிறகு சீட்டில் தெரியும் சாம்பல் வளையம் அறுபடாமல், இன்லெட்டில் 1 முதல் 1.3 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 1.3 முதல் 1.6 மி.மீ. அகலத்தில் இருப்பது நல்லது. வால்வையும் ஸ்பிரிங்கையும் பூட்டி, இன்லெட், எக்ஸாஸ்ட் துளைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி இரண்டு நிமிடம் பாருங்கள். கீழே ஈரம் தெரியக்கூடாது.

கேள்வி: பழைய எஞ்சினுக்குப் புதுக் கார் ஆயில் கேமைக் கெடுக்கும் என்கிறார்களே?

பதில்: கேமுக்கும் டேப்பட்டுக்கும் நடுவே பாதுகாப்புத் தருவது ஆயிலில் உள்ள துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். கார்களின் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் காக்க 5டபிள்யு-30 போன்ற மெல்லிய கார் ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்தார்கள். மோட்டார் சைக்கிளுக்கான ஜப்பானியத் தரமான ஜாஸோ எம்.ஏ. ஆயிலில் அது 0.08 முதல் 0.12 சதவீதம் வரை இருக்க வேண்டும். கிளட்ச் வழுக்காத தரமும் அதில் அடக்கம். எனவே கையேடு சொல்லும் கனத்தில், பெரும்பாலும் 20டபிள்யு-50, ஜாஸோ எம்.ஏ. முத்திரை உள்ளதை வாங்குங்கள்.

ஆயில் நல்லதாக இருந்தாலும் மேலே ஏறவில்லையென்றால் பயனில்லை. ராக்கருக்குப் போகும் மெல்லிய குழாயின் போல்ட்டை, எஞ்சின் ஓடும்போது அரைச் சுற்றுத் தளர்த்தினால் ஆயில் கசிந்து வர வேண்டும். வராவிட்டால் எஞ்சினை உடனே நிறுத்தி, போல்ட்டின் நடுத்துளையிலும் செப்பு வாஷரிலும் அடைப்பைத் தேடுங்கள். கேஸ்கட் பசையை அள்ளிப் பூசிய எஞ்சின்களில் அந்தத் துளைதான் முதலில் அடையும்.

கேள்வி: ஓட்டத்தில் வால்வு உடைந்து எஞ்சின் நின்றுவிட்டது. ஹெட்டும் பிஸ்டனும் மாற்றினால் சரியாகுமா?

பதில்: அவை கண்ணுக்குத் தெரியும் சேதம் மட்டும்தான். கனெக்டிங் ராட் நேராக இருக்கிறதா என்று கட்கன் பின்னில் (பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின்னில்) நீளமான கம்பி செருகி, கிராங்க் பெட்டியின் முகத்திலிருந்து இரு பக்கமும் அளந்து பாருங்கள். இரட்டை சிலிண்டர் என்றால் துண்டுகள் இன்லெட் வழியே பக்கத்து சிலிண்டருக்கும் போயிருக்கும். அதன் பிஸ்டன் முகத்தில் குத்துத் தழும்புகளைத் தேடுங்கள். இன்லெட் பைப், கார்புரேட்டர், சைலன்சர் எல்லாவற்றையும் கழற்றி உதறுங்கள். ஆயில் டாங்க், குழாய்கள், பம்ப், வடிகட்டி அனைத்தையும் கழுவுங்கள். கிராங்கில் அழுக்குத் தேங்கும் பொறி இருந்தால் அதையும் திறக்க வேண்டும். உடைந்த வால்வின் துண்டுகளை எறியாதீர்கள். முறிந்த இடம் தலைக்குக் கீழே மெலிந்து இருந்தால் வால்வு சூட்டில் நீண்டிருக்கிறது. பெட்ரோல்-காற்றுக் கலவையும் இக்னிஷன் டைமிங்கும் பார்க்கப்பட வேண்டும். லாக் பள்ளத்தில் முறிந்திருந்தால் ஸ்பிரிங்கும் இடைவெளியும் சந்தேகம். தண்டு நடுவில் நீலம் பாரித்துக் கீறல் விழுந்திருந்தால் கைடில் பிடித்திருக்கிறது. காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை புது வால்வைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்க வேண்டாம்.